மஞ்சள் சீட்டுக்காரர் வண்டி வாங்கிய கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மின்விசிறித் தொழிற்சாலையில் மேலாளர் முதல் துடைப்பக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'மஞ்சச் சீட்டு'. கடைசிப் பரிசோதனை மேஜை அவருடையது. வரிசையில் வந்து நிற்கும் ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி அதிர்வு பார்ப்பார். பக்கத்தில் மூன்று நிறத்தில் சீட்டுகள் இருக்கும். பச்சை ஒட்டினால் பெட்டிக்குள் போகலாம். சிவப்பு ஒட்டினால் உடைத்துச் செம்புக் கம்பியை உருவிவிடுவார்கள். மஞ்சள் ஒட்டினால் நிறுத்தி வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

சிவப்பு ஒட்டினால் உற்பத்தி மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார். பச்சை ஒட்டிய விசிறி நாளைக்கு யார் வீட்டிலாவது கடகடத்தால் தலை உருளும். மஞ்சளால் யாருக்கும் வம்பில்லை. அதனால் அவர் கை தானாகவே மஞ்சள் கட்டின் பக்கம் போய்ப் பழகிவிட்டது. மஞ்சள் ஒட்டிய மோட்டார்களுக்கென்று ஒரு அறை உண்டு. கதவைச் சாத்த முடியாதபடி அது எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும். ஈரம் ஏறித் துருப்பிடித்தபின், யாரும் முடிவு சொல்லாமலே அவை குப்பைக்குப் போய்ச் சேரும். இதற்கு ஜாக்கிரதை என்று பெயர் சூட்டி, வருடா வருடம் அவர் கையில் ஒரு பாராட்டுக் கேடயத்தையும் கொடுத்தார்கள். பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பயம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தால் யார் கண்டுபிடிக்கிறார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். அவர் கல்யாணம் நடந்ததே மாமனாரின் காது மந்தத்தால். "யோசிச்சுச் சொல்றேன்" என்று அவர் இழுத்ததை அந்த மனிதர் "சரி" என்று கேட்டுக்கொண்டு மண்டபம் பேசப் போய்விட்டார். அடுக்குமாடியில் வீடு வாங்கப் போனபோது சுவரைத் தட்டிப் பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்து, ஜன்னல் வழியே வெயில் எந்த மூலையில் விழுகிறது என்று பார்த்து முடிப்பதற்குள் கீழ் வீடுகள் எல்லாம் விற்றுப்போயின. மிஞ்சியது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "மேல காத்து நல்லா வரும்" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார். காற்று வந்தது. முழங்கால் வலியும் வந்தது, ஆனால் அது மனைவிக்கு.

மனைவி பெரிய மருத்துவமனை ஒன்றில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் கத்தி, கத்தரி, கிடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் துணியில் கட்டி, ஒரு ஆள் உள்ளே நிற்குமளவு பெரிய நீராவிப் பெட்டியில் வேகவைத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஒட்டுப்பட்டை இருக்கும். நீராவி சரியாகப் பட்டிருந்தால் அதிலுள்ள கோடுகள் கறுத்துவிடும். கோடு கறுத்தால் கட்டு அறுவை அறைக்குள் போகும், கறுக்கவில்லை என்றால் மறுபடி நீராவிப் பெட்டிக்கு வரும். நடுவில் நிறுத்தி வைக்கிற பேச்சே கிடையாது. வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு அங்கே ஒரு டாக்டர் கையை நீட்டியபடி நிற்பார். அவள் அந்த வேலையில் கெட்டிக்காரி. வாய் அதிகம் பேசாது, கை பேசும்.

அப்படி இருக்கும்போது மருத்துவமனை, ஊருக்கு வெளியே புறவழிச்சாலையை ஒட்டிப் புதுக் கட்டடம் கட்டியது. அறுவை சிகிச்சை எல்லாம் இனி அங்கேதான். கருவிப் பிரிவும் அங்கே போகிறது, அதற்கு அவள்தான் தலைமை என்றார்கள். இத்தனை வருடம் யாரோ ஒருவருக்குக் கீழே நின்றவளுக்குத் தனி அறை, தன் பெயர் போட்ட பலகை, கீழே பத்துப் பதினைந்து பெண்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். முதல் ஷிஃப்ட் விடிவதற்கு முன்பே தொடங்கும். அந்த நேரத்துக்குப் பேருந்து சாலைமுனை வரைதான் போகும். அங்கிருந்து கட்டடம் வரை அரை மணி நேர நடை. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், விளக்குப் போடவில்லை. ஒரு பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கும். இன்னொரு பக்கம் வெற்று நிலம், நாய்கள்.

"என்னங்க, நான் ஒரு வண்டி வாங்கிக்கறேன்" என்றாள். "அந்த பேட்டரி பைக். ஸ்கூட்டர் மாதிரி இல்ல, நிஜ மோட்டார் சைக்கிள் மாதிரியே இருக்குமே, அது."

"ஸ்கூட்டர் வாங்கேன்?"

"அந்த ரோடு பூரா குழி. சின்ன சக்கரம் தாங்காது. அதுவுமில்லாம எனக்கு மோட்டார் சைக்கிள்தான் பழக்கம். அண்ணன் வண்டிய நான்தானே ஓட்டிட்டுத் திரிஞ்சேன்."

உண்மைதான். கல்யாணத்துக்கு முன் அண்ணனின் வண்டியை அவனைவிட அதிகமாக ஓட்டியவள் அவள். இவர் அந்த வித்தையில் பூஜ்யம். இளவயதில் ஒரு தடவை ஏறி, வேலியில் போய் விழுந்து, அத்தோடு வண்டிக்குக் கும்பிடு போட்டவர். கம்பெனி வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிவிடுவதால் அந்தக் குறை வெளியே தெரியாமல் காலம் ஓடியது.

"வாங்கலாம். ஆனா விசாரிக்கணும்" என்றார். அவள் முகம் அப்போதே பாதி விழுந்தது.

சம்பாதிக்கிறவள்தானே, அவளே போய் வாங்கிக்கொண்டு வந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை அப்படிச் செய்து பார்த்தவள்தான் அவள். தன் இஷ்டத்துக்கு ஒரு தையல் மெஷின் வாங்கினாள். அவர் திட்டவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் நூல் அறும்போதெல்லாம், ஊசி உடையும்போதெல்லாம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்ப்பார். அடித்தால்கூடத் திருப்பி அடிக்கலாம், அந்தப் பார்வையை என்ன செய்வது? தாங்காமல் மெஷினை விற்றுத் தலைமுழுகினாள். அதற்குப் பிறகு அவர் சீட்டு ஒட்டாமல் அந்த வீட்டுக்குள் ஒரு ஸ்டூல்கூட வந்ததில்லை.

விசாரணை தொடங்கியது. அந்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது, வேலையில் சுத்தம். தெரிந்தவன், தெரியாதவன், வண்டி வைத்திருக்கிறவன், விற்றுவிட்டவன் எல்லோரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டார். சாப்பிட உட்காரும்போது ஒவ்வொரு நாளும் ஒரு குறையோடு வருவார்.

"எடைதாம்மா பிரச்சினை. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து கல்லு மாதிரி கனம். சார்ஜ் தீந்துபோய் நடு ரோட்டுல நின்னுச்சுன்னா உன்னால தள்ள முடியுமா? மிதிக்கறதுக்கு பெடலும் கிடையாது."

இன்னொரு நாள்: "பேட்டரிய கழட்ட முடியாதாம். வண்டியோட சேத்துதான் சார்ஜ் போடணும். நம்ம இருக்கறது மூணாவது மாடி. வயர மேலேருந்து கயிறு மாதிரி தொங்கவிடறதா?"

"கீழ பார்க்கிங்ல ஒரு பிளக் போட்டுக்கலாமே. குடியிருப்போர் சங்கத்துல கேட்டா குடுப்பாங்க."

"கேக்கலாம். குடுப்பாங்களான்னு தெரியல. குடுத்தா மத்தவங்களும் கேப்பாங்க."

கேட்கலாம் என்று சொன்னவர் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

பிறகு பேட்டரிக்கு வயதானால் புதிது போட வண்டியில் பாதி விலை ஆகும் என்றார். வெயிலில் நின்றால் பேட்டரி உப்பும் என்றார். பழுதானால் தெருமுனை மெக்கானிக் கை வைக்கமாட்டான், ஷோரூம்காரன் காலில்தான் விழ வேண்டும் என்றார். கம்பெனியே நாளைக்கு மூடிக்கொண்டு போய்விட்டால் உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது என்றார். ஒரு பை வைக்கக்கூட அதில் இடம் இல்லை என்றார். விற்கப் போனால் இரும்பு விலைக்குத்தான் கேட்பான் என்றார். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்கிறவனோடு சண்டையாவது போடலாம்.

ஒருமுறை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் அவர் தன் தொழில் புத்தியை முழுசாகக் காட்டினார். விசிறியைச் சோதிக்கும்போது அதிகபட்ச மின்சாரம், கொதிக்கிற அறை, தூசி அடைந்த இறக்கை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துச் சோதிப்பது அவர் பழக்கம். வண்டிக்கும் அப்படியே செய்தார். எதிர்க்காற்று, மேடு, கடும் வெயில், பின்னால் ஒரு ஆள், தேய்ந்த டயர், கிழடான பேட்டரி எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று கூட்டிக் கழித்து, "நீ பாதி வழிலதான் நிப்ப" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அந்த மாதிரி ஒரு நாள் வருமாங்க?"

"வராதுன்னு சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாதுதான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைக்கு நின்ற இளைஞன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்தான். "சார், என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லித் தொலைத்தான். அவர் கேட்டார். கால் மணி நேரத்தில் அவன் முகத்தில் ஈயாடவில்லை. மேலே யாரையோ கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவன் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அதற்குள் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓட்டிப் பார்க்க வைத்திருந்த வண்டியில் ஏறிவிட்டாள். தெருமுனை வரை போய் வளைத்துத் திரும்பி வந்து, ஒரு கால் தரையில் ஊன்றி நின்றாள். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

"சார், நீங்களும் பின்னாடி உக்காருங்க, ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க" என்றான் இளைஞன்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் அவளும்.

தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எதிர்க் கடை வாசலில் தொழிற்சாலைக்காரன் ஒருவன் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். "ரெண்டு பேர் எடை சேந்தா கணக்கு மாறிடும். வேணாம்" என்றார் அவர். அந்தச் சமயத்தில் அவர் நெஞ்சைத் திறந்து பார்க்க முடிந்திருந்தால், இத்தனை நாள் அடுக்கிய குறைகளுக்கெல்லாம் அடியில் இருந்த அசல் குறை தெரிந்திருக்கும். பெண்டாட்டி ஓட்ட, பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு போகிற காட்சியை அவரால் சகிக்க முடியவில்லை. இதை அவர் தனக்குள்ளேகூட ஒத்துக்கொண்டதில்லை. எடை என்றார், பேட்டரி என்றார், வெயில் என்றார்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று இளைஞனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மேஜை மேல் வைத்தாள்.

புதுக் கட்டடம் திறந்தார்கள். அவள் வேலையை ஏற்றுக்கொண்டாள். வண்டி எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பேருந்தில் போய், சாலைமுனையில் இறங்கி நடந்தாள். அவள் கிளம்பும்போது இவர் தூக்கத்திலேயே "பாத்துப் போ" என்பார். லாரிக்காரர்கள் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள் நாய் துரத்தியதில் செருப்பு அறுந்து, வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தாள். இன்னொரு நாள் ஒருவன் கூடவே நடந்து வந்தான். ஒன்றும் செய்யவில்லை, கூடவே வந்தான், அவ்வளவுதான். அதை அவள் சொன்னபோது அவர் உண்மையிலேயே பதறிப்போனார்.

"அடடா. ஜாக்கிரதையா இருக்கணும்மா. அடுத்த மாடல்ல பேட்டரி கழட்டற மாதிரி வருதாம். கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்தாள். மழை தொடங்கியது. இரண்டு முறை தாமதமாகப் போனதில் அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் கத்தினார். அன்று மாலை அவள் தலைமை வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளிடம் வேலை பழகிய ஒரு பெண்ணை அந்த அறையில் உட்கார வைத்தார்கள். இவளுக்குப் பழைய கட்டடத்தில், நோயாளிகளின் போர்வை துவைத்து வருவதை எண்ணி மடித்து அடுக்குகிற இடம் கிடைத்தது. அங்கே நீராவி இல்லை, ஒட்டுப்பட்டை இல்லை, கை நீட்டிக் காத்திருக்கும் யாரும் இல்லை. மடித்த போர்வைகளை அடுக்கிக்கொண்டே பொழுது போனது.

இவருக்கோ பெரிய நிம்மதி. "பாத்தியா? அவசரப்பட்டு வாங்கிருந்தா இப்ப வண்டி சும்மா நின்னிருக்கும்" என்றார். தான் காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாகவே நினைத்தார். அவள் அவரைப் பார்த்துவிட்டுக் குழம்பை இறக்கப் போனாள். வீட்டில் அப்போதிருந்து பேச்சுக் குறைந்துபோனது. அது அவருக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று.

அடுத்த ஆண்டு தொழிற்சாலையில் செலவைக் குறைக்கிறோம் என்று வேனை நிறுத்தினார்கள். தொழிற்சாலை ஊருக்கு வெளியே, அதே புறவழிச்சாலையில்தான் இருந்தது; வேனில் போகும்போது பேப்பரைத் தாண்டி அவர் வெளியே பார்த்ததில்லை. முதல் இரண்டு வாரம் பேருந்தில் தொங்கிப் போனார். சட்டைப் பொத்தான் போனது, மூக்குக்கண்ணாடி வளைந்தது. மூன்றாம் வாரம் கால் வீங்கியது. அதற்கு அடுத்த நாள் மாலை நேராக ஷோரூமுக்குப் போனார்.

குறைகள் எல்லாம் விருந்து முடிந்த வீட்டு ஆட்கள் மாதிரி ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டன. எடையா? நின்றால்தானே தள்ளணும். பிளக்கா? சங்கச் செயலாளரிடம் கேட்டார், அவர் "இதுக்கென்ன சார், போட்டுக்கங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். பேட்டரியா? எல்லாப் பொருளும்தான் தேயும். பழைய மாடலேதான், அவள் ஓட்டிப் பார்த்த அதே வகை. ஒரு மாலைப் பொழுதில் முடிவெடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஷோரூம் ஆளிடம் வண்டியைக் கீழே நிறுத்தச் சொல்லி, மேலே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "உனக்கு வண்டி வாங்கியாச்சும்மா."

"எனக்கா?"

"காலைல என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு, நீ அப்படியே உன் ஆஸ்பத்திரிக்கு வந்துடலாம்."

அவள் ஜன்னல் வழியே எட்டிக் கீழே பார்த்தாள். பார்த்துவிட்டு, "சாவி எங்க?" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போனார். இந்த நாளுக்கா இத்தனை வெட்கப்பட்டார் என்று கேட்கத் தோன்றும். வெட்கம் போய்விடவில்லை. வழி நெடுக ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பார். தொழிற்சாலைக்கு ஒரு தெரு முன்பே இறங்கிக்கொண்டு, தனியாக நடந்து வந்தவர் போல வாசலில் நுழைவார். அவர் சொன்ன தெருவிலேயே அவள் இறக்கிவிட்டாள். வண்டியை மட்டும் அருமையாக ஓட்டினாள்.

போகிற வழியில் அந்தப் புது மருத்துவமனைக் கட்டடத்தைத் தாண்ட வேண்டும். தினமும் தாண்டினார்கள். ஒருநாள் காலை, ஆக்சிஜன் உருளை ஏற்றிய லாரி ஒன்று வாசலில் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டியை நிறுத்தினாள். டீ வாங்கப் போய் ஸ்கூட்டரில் திரும்பி வந்து இறங்கிய ஒரு பெண் இவளைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். இப்போது அந்த அறையில் உட்கார்ந்திருப்பவள்.

"அக்கா! வண்டி எப்ப வாங்குனீங்க? சூப்பரா இருக்கு. இதுல என்னவோ நிறைய குறை இருக்குன்னுதானே அப்ப வேணாம்னீங்க?"

"விசாரிச்சாச்சு. வண்டில ஒண்ணும் குறை இல்ல."

"அப்பவே வாங்கிருந்தா இன்னைக்கு நீங்க உள்ள போயிட்டிருப்பீங்க, நான் உங்ககிட்ட திட்டு வாங்கிட்டிருப்பேன்" என்று அந்தப் பெண் கள்ளமில்லாமல் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நீராவிப் பெட்டிலேருந்து எடுக்கற கட்டுல எல்லாம் ஈரம் நிக்குது. என்ன பண்றதுன்னே தெரியல" என்றாள்.

"படுக்கப் போட்டு அடுக்கறீங்களா?"

"ஆமாக்கா."

"நிறுத்தி அடுக்கு. நடுவுல விரல் நுழையற அளவு இடம் விடு. கதவத் திறந்தவுடனே எடுத்துடாத, ஆறட்டும்." வண்டியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கி, கட்டு எப்படி நிற்க வேண்டும் என்று காற்றில் காட்டினாள். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு வாசலுக்குள் ஓடினாள். காற்றில் தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கைப்பிடிக்கு வந்தது.

லாரி விலகியது. வண்டி கிளம்பியது. அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "உனக்கு அந்த வேலை மேல இவ்வளவு ஆசை இருந்துச்சுன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"சொன்னேன்" என்றாள் அவள். தலையைத் திருப்பவில்லை, குரலும் உயரவில்லை. "தினமும் சொன்னேன். வண்டிய நட்டு போல்ட் வரைக்கும் விசாரிச்சீங்க. இதோ இந்த ரோட்டுலதான் நான் இருட்டுல நடந்தேன். ஒருநாளாவது கூட வந்து இந்த ரோடு எப்படி இருக்குன்னு பாத்தீங்களா? நான் நடக்கறேன்னு தெரிஞ்சுதானே படுத்துத் தூங்குனீங்க?"

அவர் சாலையைப் பார்த்தார். விளக்கில்லாத கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. லாரிகள் நின்றிருந்தன. பகல் வெளிச்சத்திலேயே அந்த இடம் அப்படி இருந்தது.

பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் இரைச்சலில் காதில் விழவில்லை என்று சமாளித்திருக்கலாம். "என்ன சொன்ன?" என்று கேட்டு, அவள் "ஒண்ணுமில்ல" என்று சொல்ல, விஷயம் அதோடு போயிருக்கும். இந்த வண்டியில் சத்தமே இல்லை. இத்தனை பேரைப் பிடித்து விசாரித்தும் இந்த ஒரு குறையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.